செவலையின் கயிறு

கியாக்தான் ஊரில் இருக்கும் எங்கள் பண்ணைக்கு விலை பேசி முடித்தாயிற்று. அப்பா போனபிறகு பார்க்க ஆளில்லை. வாய்க்கால் பாயும் புல்வெளி, வைக்கோல் போர், ஏழு மாடுகள் எல்லாம் இனி கோ துன் என்பவருக்கு.

"மாட்டைக் கயித்தோடயே ஓட்டிக்கிறேன், அக்கா."

"எங்க வீட்ல மாட்டை வித்தா கயிறு கொடுக்க மாட்டோம். அப்பா பழக்கம்."

கொட்டகை ஆணியில் அப்பா சேர்த்துவைத்திருந்த பழைய கயிறுகளையும் இறக்கினேன். வைக்கோல் தூசியும் மாட்டு வியர்வையும் கலந்த வாடை அடித்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அன்று செவலைக் கன்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதன் கயிற்றை அவிழ்த்து, பிடிக்க வாகாக இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு ஸ்கிப்பிங் ஆடினேன். நூறு எண்ணிவிட்டுத் திரும்பினால், கன்று வாய்க்கால் மதகில் சிக்கிச் செத்துக் கிடந்தது. கயிற்றை வைக்கோல் போருக்குள் செருகினேன்.

"கயிறு அத்துப்போச்சுப்பா. தண்ணியில போயிருச்சு."

அப்பா நம்பினார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சந்தையில் அம்மா, கயிறு விற்கும் டோ மியாவிடம், "இத்துப்போன கயித்தக் கொடுத்து ஏமாத்திட்டியே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். டோ மியா தலையைக் குனிந்துகொண்டு ஒரு புதுக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றேன். சில நாள் கழித்து அப்பா அந்தக் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஏனென்று அப்போது புரியவில்லை.

கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டினேன். கடைசிக் கயிற்றில் இரண்டு முனையிலும் முடிச்சு இருந்தது.

அப்பா அதை அவிழ்க்கவே இல்லை.