கடித்து வைக்காத ரொட்டி

"கெட்டவன்னு சொல்லாதே, ஜூரா. கெட்டது செய்யத் திட்டம் வேணும். என் தம்பிக்கு அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கே திட்டம் கிடையாது."

"திட்டமில்லாமலே என் மாட்டைக் கொன்னானே, அக்கா. திட்டம் வேற இருந்திருந்தா?"

பர்மாகன் வாளியைத் தூக்கிக்கொண்டாள். தம்பி சுயுன்பை ஊரை விட்டுப் போய் மூன்று குளிர்காலம் ஆகியும் தெருக்குழாயடியில் இந்தப் பேச்சு ஓயவில்லை. மாடு செத்தது உண்மைதான். ஆனால் கெட்டவன் என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவே மாட்டாள்.

ஏழு வயதில் அவனைக் குதிரை நெற்றியில் உதைத்தது. எழுந்தான், பேசினான், பழைய பாட்டெல்லாம் நினைவிருந்தது. ஆனால் ஆட்டுக்குட்டிகளைப் பெயர் சொல்லி அடைத்துவந்தவன், அதன்பின் பட்டியைத் திறந்தால் மூட மறந்தான். யாராவது சீண்டினால் கோபத்துக்கு முன்பே கை போய்விடும். அடித்துவிட்டு, அடிபட்டவன் அழுமுன் இவன் அழுவான். "எது தப்புன்னு அவனுக்குத் தெரியும். இழுத்துப் பிடிக்கிற கடிவாளந்தான் அறுந்துபோச்சு" என்றார் நகரத்து மருத்துவர். ஊரார் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்: தெரிந்தே செய்கிறான்.

முப்பது வருடம் பர்மாகனே கடிவாளமாக இருந்தாள். ஊர் மாடுகளை வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து மேய்ப்பார்கள். முறை எடுக்காத வீட்டை ஊர் ஒரு வீடாகவே மதிக்காது. அதனால் அவள் தம்பியின் முறையை விட்டுக்கொடுக்காமல், ஒவ்வொரு தடவையும் கூடவே போனாள். மூன்று வருடம் முந்தைய வசந்தத்தில், அவன் முறை வந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல். சாட்டையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். முதலாவது, ஓடையைத் தாண்டு. இரண்டாவது, மாடுகளைக் குதிரைமசால் தீவன வயல் பக்கம் விடாதே. மூன்றாவது, இருட்டுமுன் வா. மூன்றையும் பிசகாமல் ஒப்பித்தான்.

மலையடியில் இளவட்டங்கள் குதிரையேறி, செத்த ஆட்டின் உடலை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கி விளையாடுவது கண்ணில் பட்டது. ஓடினான். திரும்பி வந்தபோது நான்கு மாடுகள் ஈரக் குதிரைமசாலைத் தின்று, வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. ஒன்று ஜூராவினுடையது.

பெரியவர்கள் கூடினார்கள். அவனை ஊரில் வைப்பதா, அனுப்புவதா என்பதுதான் பேச்சு.

"வாயைத் திறக்காதே. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்க. தேநீர் ஆறுற வரைக்குந்தான்" என்று பர்மாகன் கெஞ்சினாள்.

பெரியவர் தொக்தோமுஷ் மன்னிக்கிற முகத்தோடுதான் இருந்தார். ஜூராவின் புருஷனுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது பாரு, முப்பத்தேழு வயசுக் குழந்தை" என்றான்.

சுயுன்பை வீசிய தேநீர்க் கிண்ணம் அவன் பல்லை உடைத்தது.

அதோடு அனுப்புவதென்று முடிவாயிற்று. விடிந்ததும் கணவாய்க்கு அப்பால் செங்கல் சூளைக்குப் போகும் லாரியில் அவனை ஏற்றிவிட வேண்டும்.

"அங்க எனக்கு யாருக்கா முடிச்சுப் போடுவா?"

"நீயே போட்டுக்கணும்."

"போட்டுக்குவேன். எதுக்குப் போட்டேன்னுதான் மறந்துடும்."

வாசலில் வட்ட ரொட்டியை நீட்டினாள். ஊர் வழக்கப்படி, பிரிந்து போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை வைத்துப் போவார். வந்து தின்னும்வரை அது சுவரில் தொங்கும். ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு கடி. மீதியை என்கிட்ட கொடு. அப்பத்தான் திரும்பி வருவே."

"தெரியும் அக்கா. ஒரு கடி."

கடித்தான். தெருவில் லாரி ஒலியெழுப்பியது. அந்தப் பக்கம் திரும்பியவன் மீதியையும் கடித்து மென்றுகொண்டே வாசலைத் தாண்டினான். அவள் கூப்பிட்டாள். அவன் லாரியில் ஏறி, சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் அசைத்தான். எந்தக் கையிலும் ரொட்டி இல்லை.