மாமியின் தட்டில் வைத்த கிழங்கு

மாட்டுக் கொழுப்பில் வெந்த உருளைக்கிழங்கை என் மாமிக்குச் சாப்பிடக் கொடுத்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே கொடுத்தேன். ஒருமுறையும் அல்ல... ஏறத்தாழ ஒரு வருடம், புதன்கிழமை தோறும் கொடுத்தேன்.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதுதான். கோழைத்தனம் என்று நினைக்கிறீர்களா? ஆம், கோழைத்தனம்தான்!

ஒரு கிழங்குக்கா இவ்வளவு பாடு என்று நீங்கள் சிரிக்கவும் கூடும். சிரியுங்கள். முதல் நாள் நானும் உள்ளுக்குள் சிரித்தவள்தான்.

மாமி என்பது என் கணவரின் தாய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோவுக்கு வந்தவர். அங்கே மில்லிக்கன் பகுதியில் எங்கள் வீட்டின் மேல்மாடியில் தெருவைப் பார்த்த சின்ன அறை அவருடையது. கடைசி மகன் குகன் மட்டும் கொழும்பில் மிஞ்சியிருந்தான். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டவன் தாய்லாந்து வரை வந்து அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

அந்தச் செய்தி வந்த அன்று மாமி சமையலறை மூலையிலிருந்த முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். எங்கள் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"குகன் வந்து இந்த வாசலில கால் வைக்குமட்டும் நான் மச்சம் தொடமாட்டன்."

மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாந்தான். மீன்குழம்பு இல்லாவிட்டால் சோறு இறங்காத மனுசி அவர். நண்டுக் கால் ஒன்றை அரைமணி நேரம் வைத்துச் சுவைப்பார். அப்படிப்பட்டவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், இனி நாள்தோறும் இரண்டு சமையல் என்பதுதான்.

எங்கள் சனத்தின் சமையலறை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மச்சம் காய்ச்சும் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. மாமி அதற்கும் ஒரு படி மேலே போனார். என் மூத்தவளின் நகப்பூச்சை வாங்கி, தன் சட்டி, அகப்பை, சில்வர் தட்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பொட்டு இருந்தால் சைவம். உண்ண உட்காரும்போது தட்டைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடச் சொல்வார்.

நானோ விடியற்காலையில் பஸ் பிடித்து, யூனியன்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துவிட்டு வருவேன். பகல் முழுவதும் ஊரார் பெற்றோருக்குச் சமையல், பின்னேரம் வீட்டில் இரண்டு சமையல். அதற்கும் மேலே மாமியின் வாய்! "பருப்பில உப்புக் காணாது." "உது என்ன பிள்ளை, வெள்ளைக்கறியோ வெந்நீரோ?" எட்டு வருட மணவாழ்க்கையில் என் கைச் சமையலை அவர் ஒருநாளும் நல்லதென்று சொன்னதில்லை. இதைச் சொல்லி என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேனா? இருக்கலாம்... நீங்களே முடிவு செய்யுங்கள்.

இல்லத்தில் தலைமைச் சமையற்காரி மார்லீன். அவள்தான் எனக்கு மீற்லோஃப் செய்யக் காட்டித் தந்தாள். அரைத்த மாட்டிறைச்சியில் வெங்காயமும் முட்டையும் பாண்தூளும் போட்டுப் பிசைந்து, பேக்கரி ரொட்டிபோல ஒரு றாத்தல் பாண் அளவுக்கு உருட்டி, அகன்ற ட்றேயின் நடுவில் வைக்க வேண்டும். மேலே தக்காளி சோஸ் பூச வேண்டும். சுற்றிவரக் கிழங்கும் கரட்டும். மின்னடுப்பான அவணுக்குள் தள்ளினால் ஒரு மணி நேரத்தில் முழுக் குடும்பத்துக்கும் சாப்பாடு. கழுவுவதற்கும் ஒரே ட்றேதான்! இறைச்சியிலிருந்து வடியும் கொழுப்பை ஊற்றிவிடாதே, கிழங்குக்கு ருசியே அதில்தான் என்று மார்லீன் விரலை ஆட்டிச் சொன்னாள்.

நான் பெருஞ்சீரகமும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் புதன்கிழமைகளில் வீட்டில் செய்தேன். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் வீடுகளில் உண்பதை ஒருவழியாக நம் வீட்டிலும் உண்கிறோம் என்ற சந்தோசம் அவர்களுக்கு. எங்கள் ஊர்ச் சைவ வீடுகளில் ஆடு உண்டு, கோழி உண்டு, மாடு மட்டும் கிடையாது. ஆகவே மாமிக்குக் கேட்கும்படி 'மாடு' என்ற சொல்லை நாங்கள் உச்சரிப்பதில்லை. 'இறைச்சி' என்போம், அவ்வளவுதான். வாசம் வரும்போது மாமி மேலே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தி கொளுத்துவார்.

நான் பிழை செய்த அந்த முதற் புதன்கிழமை நல்ல பனி. ஸ்டீல்ஸ் வீதியில் பஸ் ஒரு மணி நேரம் பிந்தியது. வந்த வேகத்தில் ட்றேயை அவணுக்குள் தள்ளினேன். மாமிக்கு என்று ஒன்றும் வைக்கவில்லை. மறந்தே போனேன்! கால் இரண்டும் விறைத்திருந்தன. ட்றேயை வெளியே எடுத்து வைத்த நேரத்தில் படியில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பொட்டு வைத்த தட்டை எடுத்தேன். ட்றேயின் ஓரத்தில் பொன்னிறமாய் மொறுகியிருந்த கிழங்குகளை அதில் பொறுக்கிப் போட்டேன். ஓரத்துக் கிழங்கில் இறைச்சி முட்டவில்லைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொழுப்பு ட்றே முழுவதும் ஓடிக் கிடந்ததை என் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மேலே மிளகுத்தூள் தூவி மேசையில் வைத்தேன். ட்றேயை அவணுக்குள் திருப்பித் தள்ளி மூடினேன்.

மாமி வந்தார், உட்கார்ந்தார். தட்டைத் தூக்கிப் பொட்டைப் பார்த்தார். பிறகு கிழங்கைப் பார்த்தார்.

"வேறையாச் சுட்டதோ, பிள்ளை?"

"ஓம் மாமி."

அந்த 'ஓம்'தான் என் குற்றம். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் களைப்பு என்று சொல்லித் தப்பலாம். அந்தச் சொல்லுக்கு ஒரு சாட்டும் இல்லை.

அவணுக்குள் என்ன நடக்கும் என்று மாமிக்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்கு அவர் பயம், கிட்டப் போகமாட்டார். சட்டிக்குச் சட்டி வேறாக இருக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு, இறைச்சியும் கிழங்கும் ஒரே ட்றேயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து வேகும் என்பது எப்படித் தோன்றும்? பொட்டு இருந்தது. போதும் என்று நம்பினார்.

ஒரு கிழங்கைக் கடித்தார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார்.

"உன்ர கையில இவ்வளவு ருசி இருக்குதெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

அப்போது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? பயம்? வெட்கம்? இல்லை... சந்தோசமாக இருந்தது! எட்டு வருடம் காத்திருந்த ஒரு வார்த்தை! அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. 'இந்தாங்கோ உங்கட சைவம்!' என்று என் மனம் உள்ளே கறுவிக்கொண்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த புதன் மனச்சாட்சி உறுத்தியது. சின்ன ட்றே ஒன்றில் எண்ணெய் விட்டு மாமிக்கு வேறாகவே கிழங்கு சுட்டேன். மாமி ஒன்றைக் கடித்துவிட்டு மற்றதைத் தள்ளி வைத்தார்.

"இண்டைக்குக் கைதவறிப் போச்சோ? போன கிழமை மாதிரி இல்லை."

அதற்கு அடுத்த புதன்கிழமை நான் சின்ன ட்றேயை எடுக்கவில்லை.

இப்போது விளங்குகிறதா? முதல் நாள் களைப்பினால் செய்தேன். பிறகு செய்ததெல்லாம் புகழுக்காக! 'நல்லாயிருக்குப் பிள்ளை' என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு தாய் முருகனுக்கு வைத்த நேர்த்தியை நான் கிழமைக்குக் கிழமை உடைத்தேன். புதன்கிழமைகளில் மாமி நேரத்தோடு கீழே இறங்கி வரப் பழகினார். சாப்பிட்டு முடிந்ததும் அதே மேசையிலிருந்து குகனுக்குக் கடிதம் எழுதுவார். நான் ட்றேயைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்குள் ஒருவித ஒற்றுமைகூட வந்துவிட்டது. என்ன வெட்கக்கேடு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைபேசி அழைப்பு வந்தது. வேறொருவரின் பாஸ்போட்டில் விமானம் ஏறப் போன குகனை விமான நிலையத்தில் பிடித்து, சில மாதம் கம்பிக்குப் பின்னால் மறியலில் வைத்து, கொழும்புக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாமி அழவில்லை. கதிரையில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினார். எங்கே பிழை நேர்ந்தது, எந்த நாளில் நேர்ந்தது என்று கிழமை கிழமையாகப் பின்னோக்கித் தேடினார். நான் பாத்திரம் துடைக்கும் துணியோடு நின்றேன். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தேன்.

"கேக்!" என்றார் திடீரென்று. "முன்வீட்டுப் பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் திண்டனான். முட்டை போடுறவையெண்டு நினைக்கேல்லை. அதுதான். நான்தான் என்ர பிள்ளையைத் திருப்பி அனுப்பினனான்."

"அம்மா, உதெல்லாம் ஒண்டுமில்லை. ஒரு துண்டு கேக்குக்கு முருகன் கோவிப்பாரோ?" என்றார் என் கணவர்.

"முருகன் கோவிக்கேல்லை, தம்பி. நான் சொல்லுத் தவறினனான்."

அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'கேக் இல்லை மாமி, கிழங்கு. நீங்கள் இல்லை மாமி, நான்.' இவ்வளவுதானே! திறக்கவில்லை.

நேர்த்தி உடைந்ததால் குகன் பிடிபட்டான் என்று நான் நம்புகிறேனா? இல்லை. கள்ளப் பாஸ்போட் என்றால் பிடிக்கத்தான் செய்வார்கள். ஆனால் மாமி நம்பினார். என் பிழையை ஒரு துண்டு கேக்கின் பெயரில் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் புதன்கிழமை மாமி கீழே வந்தார். தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"இனி எனக்குக் கிழங்கு வேண்டாம், பிள்ளை. இப்ப எனக்கு உலகத்தில பிடிச்சது அது ஒண்டுதான். அதையும் விட்டாத்தான் முருகன் கண் திறப்பார்."

எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். நிம்மதி! அப்பாடா, இனிப் பொய் சொல்லத் தேவையில்லை என்ற நிம்மதி! என் பாவத்தை நான் நிறுத்தவில்லை. தன் தவத்தினால் அவர் நிறுத்தித் தந்தார்.

அதன்பின் ஒரு நேரச் சாப்பாடு என்று ஆக்கிக்கொண்டார். ஏற்கெனவே நீரிழிவு, சீனி வருத்தக்காரி. டொக்டர் ஏசினார், நாங்கள் கெஞ்சினோம், கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கடைசிக் கிழமையில் ஒருநாள் என் கையைப் பிடித்து, "நீ எனக்கு ஒரு குறையும் வைக்கேல்லை" என்றார். நான் என்ன சொன்னேன்? "கதையாதேங்கோ மாமி, களைக்கும்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடினேன். அவரைப் பேசவிடாமல் செய்தது அன்பு என்றுதான் பக்கத்திலிருந்த தாதி நினைத்திருப்பாள்.

மாமி போன அடுத்த வருடம் குகன் வந்து சேர்ந்தான். ஆம், வந்தான்... அந்த வாசலில் கால் வைத்தான். பார்க்க அவர் இல்லை.

வந்து ஒரு மாதம் இருக்கும். தன் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"அண்ணி, அம்மா எல்லாக் கடிதத்திலையும் உங்கட கிழங்கைப் பற்றித்தான் எழுதினவ. ஒருக்காச் செய்து தாங்கோவன்."

ஒரு கடிதத்தை விரித்துக் காட்டினான். மாமியின் சரிந்த எழுத்து. 'உன் அண்ணி வேலையால் வந்த களைப்போடும் எனக்கென்று வேறாகச் சுட்டுத் தருகிறாள். என் நேர்த்தியைக் காப்பாற்றுவது அவள்தான். நீ வந்தால் அவளைத் தாய்போல் நினை.'

நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். ஒரு மடிப்பும் பிசகவில்லை. அதுவே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

சின்ன ட்றேயை எடுத்து, எண்ணெய் விட்டுக் கிழங்கு சுட்டேன். மாமியின் தட்டைத் தேடி எடுத்து அதிலேயே வைத்தேன். அடியில் சிவப்புப் பொட்டு அரைவாசி உரிந்து இருந்தது. குகன் ஆசையோடு ஒன்றைக் கடித்தான். மெதுவாக மென்றான்.

"நல்லாயிருக்கு, அண்ணி. ஆனா..." சங்கடத்தோடு சிரித்தான். "அம்மா கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறா போல."

அவன் என்னைப் பார்த்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சொல்லியிருக்கலாம்!

"ஓம்," என்றேன். "உங்கட அம்மா கூட்டித்தான் எழுதியிருப்பா."

அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பொய் எழுதியவர் ஆக்கிவிட்டு, அவருடைய தட்டில் அவருடைய மகனுக்கு நான் இன்னும் இரண்டு கிழங்கு வைத்தேன்.