கோவில்பட்டி என்பவர்

மதுரை மாநாட்டுப் பந்தலில் எங்கள் வரிசையில் படுத்தவர்களைச் சொல்கிறேன். முதலில் பட்டுக்கோட்டை, சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவர். அடுத்து தாராபுரம், எருமை வியாபாரம். அவருக்குப் பக்கத்தில் ஓசூர். அவர் பேச மாட்டார், பாட்டு மட்டும் பாடுவார். அடுத்து கோவில்பட்டி, தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர். கடைசியில் நான். நான் என்றால் திருவண்ணாமலை.

அங்கே யாரும் பேர் கேட்கவில்லை. ஒரு நடிகருக்காக எல்லா ஊரிலிருந்தும் ரசிகர் மன்றத்துக்காரர்கள் லாரி பிடித்து வந்திருந்தார்கள். லாரிக்கு முன்னால் ஊர்ப் பேர் எழுதிய துணி கட்டியிருக்கும். எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னால் அதுதான் நம் பேர். ஏ தாராபுரம், தண்ணி வந்துடுச்சு என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னதும் கேட்டவர் கொஞ்சம் தள்ளி நிற்பார். பந்தலில் அந்தக் கேள்வி இல்லை. எனக்கு அது முதல் தடவை.

நான் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மூன்றாவது வரை படித்தேன். மண்டியில் என்னை ஏய் என்பார்கள். கோவில்பட்டி என்னை அண்ணாச்சி என்றார். ராத்திரி பனி இறங்கியது. என்னிடம் போர்வை இல்லை. அவர் தன் போர்வையில் பாதியை என் மேல் போட்டார்.

"ஒட்டிப் படுங்க அண்ணாச்சி. பொண்ணு மாதிரி வெக்கப்படுதீகளே."

தாராபுரம் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரே பொட்டலத்தில் எலுமிச்சைச் சோறு இரண்டு பேரும் தின்றோம். அவருக்கு வலது கையில் பழைய தீக்காயம், விரல் மடங்காது. அதனால் இடது கையால் தின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு பண்டல் தீப்பெட்டி கொடுத்தார். வெகு நாள் என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. அடுத்த வருஷம் திருச்சியில் மாநாடு என்று மேடையில் சொல்லியிருந்தார்கள். முதலில் வருகிறவர் ஐந்து பேருக்கும் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

விடியற்காலையில் லாரி திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் நின்றது. வழி முழுக்கத் தோளில் கை போட்டுப் பாடி வந்தவர்கள் இறங்கி ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். எங்கள் மன்றத்துச் செயலாளர் துணிக்கடை வைத்திருந்தார். லாரியில் என் மடியில் தலை வைத்துத் தூங்கியவர். மறுநாள் அவர் கடை வாசலில் போய் நின்றேன். சிரித்தேன்.

"இன்னா வேணும்?" என்றார்.

ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த வருஷம் முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ரோட்டில் தெற்கத்தி லாரி போனால் எட்டிப் பார்ப்பேன். தீபத்துக்கு வெளியூர் ஜனம் கொட்டும். கூட்டத்தில் யாராவது அண்ணாச்சி என்றால் திரும்பிப் பார்ப்பேன். என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு கார்டு போடலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். பேர் என்னவென்று அங்கே கார்டு எழுதிக் கொடுப்பவர் கேட்டார். கோவில்பட்டி என்றேன். ஊர் சரி, பேர் என்றார். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. திருச்சியில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திருச்சிக்கு லாரி புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மண்டியில் மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலை, காலில் விழுந்தது. கட்டைவிரல் நசுங்கிவிட்டது. லாரி நான் இல்லாமல் போனது.

மாநாடு முடிந்த மறுநாள் நொண்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனேன். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், பாவம் ரசிகர்கள் லாரி பாலத்தில் கவிழ்ந்துவிட்டதாம் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். கோவில்பட்டி என்றார். கையிலிருந்த கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பேப்பரை வாங்கினேன். எட்டுப் பேர் செத்ததாகப் போட்டிருந்தது. பேர்களும் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி எட்டையும் படித்தேன். அவர் அதில் இருக்கிறாரா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. எட்டில் எதுவும் அவராக இருக்கலாம். மறுபடி படித்தேன். டீக்கடைக்காரர் பேப்பரைத் திருப்பிக் கேட்டார். அதற்குள் எட்டுப் பேரும் மனப்பாடம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி பார்த்தாள்.

"பேரு கூட தெரியாத ஆளுக்கா துன்னாம குந்தினு இருக்கற?"

"தெரியும். கோவில்பட்டி."

"அது ஊருய்யா."

திருச்சி போய்த் திரும்பிய எங்கள் ஊர்க்காரர்களிடம் அவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கூட்டத்தில் யாரைக் கண்டோம் என்றார்கள். ஊருக்கே எழவு எடுக்கிறாயா என்று ஒருத்தன் கிண்டல் செய்தான்.

கால் சரியாக ஊன்ற இன்னும் ஒரு வாரம் ஆனது. ஊன்றியதும் கிளம்பினேன். விழுப்புரம், திருச்சி, மதுரை என்று பஸ் மாறி மாறிப் போனேன். பேப்பரில் இருந்த எட்டுப் பேர்களையும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மறந்துவிட்டால் விசாரிக்க முடியாது.

கோவில்பட்டியில் மன்றத்துப் போர்டு ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்காரரிடம் அடையாளம் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிறவர், வலது கையில் தீக்காயம், இடது கையால் சாப்பிடுவார். அவர் உடனே ஒரு பேரைச் சொன்னார். ஒரு வருஷமாக எனக்குத் தெரியாத பேர். எட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். அதில் அந்தப் பேர் இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். இல்லவே இல்லை.

உட்கார்ந்தேன். டீ போடச் சொன்னேன். காலில் வலி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

"பேப்பர்ல அந்தப் பேரு இல்லீங்க," என்றேன். "பொழச்சிக்கினாரு. வூடு எந்தப் பக்கம்?"

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"பேப்பர்ல போட்டது அந்த எடத்துலயே போனவுக அண்ணாச்சி. அவன் ஆஸ்பத்திரியில நாலு நாள் கெடந்துல்ல போனான்."

டீயைக் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் நான் சந்தோஷப்பட்டேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கடைப் பையன் வீட்டைக் காட்டிவிட்டுப் போனான். அவருடைய அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். யாருப்பா என்றார். என் பேரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. நின்றேன். பிறகு திருவண்ணாமலை என்றேன்.

அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"நீதானா. நீ வரலயேன்னு ஆஸ்பத்திரியில சொன்னானே," என்றார்.

காலில் போட்டிருந்த கட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. சாயங்காலம் வரை இருந்தேன்.

பஸ்ஸுக்குத் திரும்பும்போது மன்றத்துப் போர்டுக்குக் கீழே கரும்பலகையில் செத்தவர்கள் பேரைச் சாக்பீஸில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். நின்று எழுத்துக் கூட்டினேன். எட்டும் எனக்குத் தெரிந்த பேர்கள். அவருடையதைக் கடைசியில் சேர்த்திருந்தார்கள்.

ஒன்பது.