நான்கு குழாய்களும் ஒரு ஸ்டியரிங் தண்டும்

புதிய சைலன்சர் முதன்முறையாகச் சூடேறும்போது, அதன்மேல் பூசிய கறுப்பு வண்ணம் கருகி ஒரு வாசனை எழும். தகரச் சட்டியில் பழைய எண்ணெய் காய்வது போன்ற வாசனை. சென்ற வாரம் என் சாதாரணக் காருக்குச் சைலன்சர் மாற்றப் பல்லடம் சாலையில் ஒரு வெல்டிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்ததும் கடைக்காரர் இன்ஜினை ஓடவிட்டார். "கொஞ்ச நேரம் பொகையுமுங்க, அப்பறம் போயிரும். பயந்துக்காதீங்க" என்றார். பயமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த வாசனைக்காக நானும் என் மனைவி ருக்மணியும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தோம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ருக்மணி திருப்பூர் அருகே அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி நடத்தினாள். நான் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிக் கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 'டாக்டர் மாப்பிள்ளை' என்ற பெயரை நம்பி அவளுடைய உறவினர்கள் மூட்டுவலியோடு வந்து என் முன்னால் உட்காருவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்கள் மட்டுமே. அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்புவது ருக்மணியின் பொறுப்பு.

அவளிடம் ஒரு கார் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, இருவர் மட்டுமே உட்காரலாம், கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டக்காரர் வீட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்ததை வாங்கி வந்தாள். வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய அன்று அவளுடைய மாமா ஒருவர் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, நாலு பேரு ஏறமுடியாத வண்டி என்னத்துக்கு? ஒரு சாவுக்குப் போறதுன்னாக்கூடப் பத்தாதே."

"சாவுக்குப் போறதுக்கு வேற வண்டி இருக்குதுங்க மாமா. இது கம்பெனிக்குப் போறதுக்கு."

அப்படித்தான் போனாள். காலையில் அந்த இன்ஜினின் சத்தம் சாலை வளைவிலேயே கம்பெனிக்குக் கேட்டுவிடும். அவளுடைய கட்டிங் மாஸ்டர் ஜாபர் பாய், "சத்தம் கேட்டதும் லைன்ல எல்லாரும் அவங்கவங்க மெசினுக்கு ஓடிருவாங்க. எனக்குக் கத்தற வேலையே இல்லீங்க" என்பார். பாய்க்கு அந்தக் கார்மேல் இருந்த மரியாதை, வாயால் செய்யும் வேலையை அது குறைத்தது என்பதால் வந்தது.

பழைய கார்களின் நோய்களைப் பற்றி நான் படித்த அளவு என் ஆராய்ச்சிக்குக்கூடப் படித்ததில்லை. இந்தக் காரின் நோய் எளியது. இன்ஜினின் நான்கு துளைகளிலிருந்து வரும் புகையை ஒரு வார்ப்பிரும்புக் குழாய் சேர்த்து வாங்கிக் கீழே அனுப்பும். அது வெடித்துவிட்டது. பற்றவைத்தோம், பக்கத்தில் வெடித்தது. மறுபடி பற்றவைத்தோம், பற்றவைத்த இடத்திலேயே வெடித்தது. புதிய வார்ப்பு எங்கும் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் வேறு யாரோ செய்து விற்கும் 'ஹெடர்': நான்கு எஃகுக் குழாய்கள் தனித்தனியே வளைந்து இறங்கிக் கீழே ஒன்றாகக் கூடும். படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். படத்தில் கார் இருக்காது.

அதே மாதங்களில் ருக்மணியின் இடது கால் தடுக்கத் தொடங்கியது. முதலில் செருப்பைக் குறை சொன்னோம், பிறகு வீட்டுப் படியை. கோவை நரம்பு மருத்துவர் எதையும் குறை சொல்லவில்லை. வலு மெல்ல மெல்லக் குறையும், திரும்பி வராது என்றார். திரும்பும் வழியில் பல்லடம் சிக்னலில் வண்டி நின்றபோது ருக்மணி சொன்னாள்:

"ஏனுங்க, கால் இருக்கறப்பவே அந்தக் குழாயப் போட்டுரோணும். நானே ஓட்டிக் கம்பெனிக்கு ஒருக்காப் போயிட்டு வந்தர்றனுங்க."

சரி என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை.

முதல் ஹெடர் கடல் கடந்து வந்தது. 'எந்த மாற்றமும் இன்றி நேரடியாகப் பொருந்தும்' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தார்கள். மனிதன் எழுதிய வாக்கியங்களில் இதைப் போல என்னை அலைக்கழித்தது வேறில்லை. இந்த இன்ஜினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். ஒரே வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஹெடரின் விளிம்பு தடித்திருந்ததால் வாஷர் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் புகை கசிந்தது. எங்கள் மெக்கானிக் வேலுச்சாமி அதை அரம்போட்டுத் தேய்த்துச் சரிசெய்தார். அதன் பிறகுதான் பெரிய வினை தெரிந்தது. அந்தக் குழாய்கள் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டுக்காகச் செய்தவை. நம் காரில் ஸ்டியரிங் தண்டு வலப்பக்கம் இறங்குகிறது. நான்காவது குழாய் சரியாக அந்தத் தண்டின்மேல் போய் நின்றது. சக்கரத்தைத் திருப்பினால் இரும்போடு இரும்பு உரசிக் கூசும்.

விற்றவருக்கு எழுதினேன். எங்கள் வாடிக்கையாளர் எவரும் குறை சொன்னதில்லை, உங்கள் காரைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. ருக்மணி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "நம்மகிட்டச் சரக்கு வாங்கற பையர்கிட்ட, பனியன் சரியாத்தானுங்க இருக்குது, உங்க ஒடம்பப் போயிப் பாத்துக்கங்கன்னு நாம சொன்னா எப்புடி இருக்கும்?" என்றாள். அவள் சிரித்தாள். நான் இன்னும் நீளமான மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். நரம்பு மருத்துவருக்கு அப்படி எழுத முடியாது; குழாய் விற்றவருக்கு எழுத முடிந்தது.

வேலுச்சாமி ஒரு வழி சொன்னார். "சூடு பண்ணி ஒரு அடி போட்டு ஒடுக்கிட்டா தண்டு தட்டாதுங்கக்கா. பொகை கொஞ்சம் நெருக்கிப் போகும், அவ்வளவுதான்." உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நானும் சொன்னேன்.

"என்ற காருக்கு செகண்ட்ஸ் வேண்டாம்" என்றாள் ருக்மணி.

திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தெரியும். ஏற்றுமதிக்குத் தேறாத பீஸ், காதர்பேட்டையில் குவியலாகக் கிடந்து விலைபோவது செகண்ட்ஸ். அவள் கம்பெனியில் ஓட்டை விழுந்த பீஸைப் பூத்தையல் போட்டு மறைத்து அனுப்புவது கிடையாது. அந்தக் கொள்கை எனக்குத் தெரியும், அதன்மேல் மதிப்பும் உண்டு. ஆனால் அதற்குள் அவள் கைத்தடி பிடித்துவிட்டாள். நாள் போகிறதே என்று நான் சொன்னபோது, "அவசரத்துல அனுப்புன பீஸு திரும்பி வருமுங்க" என்றாள். நான் பேப்பரை எடுத்து முகத்தின் முன்னால் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது ஹெடரைக் கோவையில் குழாய் வளைக்கும் ஒருவரிடம் செய்ய முடிவாயிற்று. அப்போது கிளட்ச் வேலைக்காக இன்ஜினை வெளியே தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். ருக்மணியும் ஜாபர் பாயும் அளவு டேப்போடு வந்தார்கள். எது எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று எல்லாவற்றையும் அளந்து, பனியனுக்குப் போடுவதுபோல ஒரு அளவுச் சார்ட் போட்டார்கள். எந்த அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதுகூட அதில் இருந்தது. கோவைக்காரர், இவ்வளவு சுத்தமாக யாரும் அளவு தந்ததில்லை என்றார். செய்துவந்ததை ஸ்டாண்டில் இருந்த இன்ஜினில் மாட்டினார்கள். தோல்போல ஒட்டிக்கொண்டது. வேலுச்சாமி எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிவந்தார்.

பிறகு இன்ஜினைக் காருக்குள் இறக்கினார்கள். பாதி இறங்கும்போதே ஒரு ஓசை. நான்காவது குழாய் ஸ்டியரிங் தண்டில் முட்டியது. குழாய்கள் கீழே கூடும் இடம் காரின் அடிச்சட்டத்தின்மேல் உட்கார்ந்தது. ஜாபர் பாய் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மிணி, நாம டேபிள்ள போட்டு அளந்துட்டமுங்க. போட்டுக்கற ஆளு மேல அளக்கல."

உண்மை அதுதான். பனியன் ஊரில் எதையும் மேசையில் விரித்துத்தான் அளப்பார்கள். மார்பளவு என்பது மேசையில் தட்டையாகக் கிடக்கும் துணியின் அளவு. போடுகிறவர் எங்கோ வேறு தேசத்தில் இருப்பார். அவர் தோள் இறங்கியிருந்தாலும் வயிறு முன்னால் வந்திருந்தாலும் துணி இழுபட்டுப் பொருந்திக்கொள்ளும். இத்தனை வருடம் இழுபடும் பொருளையே அளந்த கைகள், இரும்பையும் அப்படியே அளந்துவிட்டன. ருக்மணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "பாய், இத இழுத்துப் போட்டுக்கச் சொல்லலாமா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவளைக் காரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோக நானும் ஓட்டுநரும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதற்கு இன்ஜின் காருக்குள்ளேயே இருந்தது. ருக்மணி ஒர்க்‌ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நூல் சுற்றி வரும் காகிதக் கோன்கள் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பாய் அவற்றை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பசைநாடா ஒட்டி, காருக்குள்ளேயே நான்கு காகிதக் குழாய்கள் கட்டினார். தண்டு திரும்பும்போது எங்கே வருகிறது, சட்டம் எங்கே குறுக்கிடுகிறது, வேகத்தடையில் எது தரையைத் தொடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிரித்து, மறுபடி கட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளுங்க பாய்."

"உள்ள போனா ஸ்டார்ட்டர் மோட்டார் கோவிச்சுக்குமுங்க அம்மிணி."

"அதுகிட்ட நான் பேசிக்கறேன், தள்ளுங்க."

கோவைக்காரர் அந்தக் காகிதக் குழாய்களை அப்படியே எடுத்துப்போய் எஃகில் வளைத்தார். வந்தது. மாட்டினோம். எங்கும் தட்டவில்லை. ஓடவிட்டபோது அந்தக் கறுப்பு வண்ணம் கருகும் வாசனை ஒர்க்‌ஷாப் முழுவதும் பரவியது. ருக்மணி அதை ஏதோ சமையல் மணம்போல இழுத்துப் பார்த்தாள்.

ஆனால் ஓட்டும் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தபோது, அவளால் இடது காலைக் கிளட்சின்மேல் வைக்க முடிந்தது, அமுக்க முடியவில்லை.

வேலுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஓட்டறனுங்கக்கா, நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க" என்றார்.

"பக்கத்துல உக்கார்றதுக்கா இத்தன பாடு?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, உங்க வலது கை சும்மாத்தான இருக்குது?"

நான் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து அவள் இடது முழங்காலின்மேல் கை வைத்தேன். அமுக்கு என்றால் அமுக்க வேண்டும். விடு என்றால் மெல்ல விட வேண்டும். இன்ஜின் உடனே நின்றது. மறுபடியும் நின்றது. வேலுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாடம் நடத்தறாப்பல யோசிக்காதீங்க. அமுக்குங்க. இப்ப உடுங்க, மெதுவா… மெதுவாங்கறேன்."

கார் நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாலையில் கூட்டமில்லை. அமுக்குங்க, உடுங்க, அமுக்குங்க, உடுங்க என்று அருள்புரம் வரை போனோம். சிறிது தூரத்தில் அவள் சொல்வதற்கு முன்பே என் கை அறிந்துகொண்டது; இருந்தாலும் அவள் சொன்னாள். வேகத்தடை ஒன்றைத் தாண்டியதும், "கேட்டீங்களா? ஒண்ணும் ஒரசல" என்றாள். கம்பெனி வாசலில் ஜாபர் பாய் லுங்கியோடு நின்றார். "சத்தம் கேட்டு ஓடியாந்தனுங்க. லைன்ல ஒரு ஆளு இல்லியே, அம்மிணி வந்து சத்தம் போடுமேன்னு." ருக்மணி கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த இருக்கையில் உட்காரவில்லை. போன ஐப்பசியில் போய்விட்டாள்.

கம்பெனிக் கட்டடத்தில் இப்போது வேறு பெயர்ப்பலகை. ஜாபர் பாய் மகள் வீட்டோடு ஈரோட்டுக்குப் போய்விட்டார். வேலுச்சாமியின் ஒர்க்‌ஷாப் சாலை அகலமானபோது சாலைக்குள் போயிற்று. ஓடாமல் நிற்கும் வண்டி கெட்டுவிடும் என்று அவர் பலமுறை தொலைபேசியில் சொன்னதால், போன மாதம் அந்தக் காரை உடுமலையில் பழைய கார்களை வைத்து ஓட்டும் ஒருவருக்குக் கொடுத்தேன். நல்ல மனிதர், நல்ல உயரம். டார்ச் அடித்து அடியில் பார்த்துவிட்டு, "பைப்பு ரொம்ப நல்லா உக்காந்துருக்குதுங்க சார். எங்க வாங்குனீங்க?" என்றார். இங்கேயே செய்தது என்றேன்.

பிறகு உள்ளே ஏறினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அடியில் கைவிட்டு லீவரைத் தேடி இழுத்து, இருக்கையை ஒரே தள்ளாகப் பின்னால் தள்ளினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ருக்மணி விட்ட இடத்திலேயே அது அதுவரை நின்றிருந்தது. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தை அளந்துகொள்ள அளவு டேப் வீட்டுக்குள்தான் இருந்தது. அவர் அதற்குள் கியரைப் போட்டுவிட்டார்.