மஞ்சள் அட்டை பவுலினா

பவுலினா எதையும் லேசில் நம்பமாட்டாள். ஓசூர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால்கூடக் குவியலின் அடியிலிருந்து ஐந்தாறை உருவிப் பார்ப்பாள். காய் விற்கும் சென்னம்மா தெலுங்கில் திட்டித் தீர்ப்பாள். எங்கள் மோட்டார் கம்பெனியில் பவுலினாவுக்கு வேலையே அதுதான். நல்ல சாமானுக்குப் பச்சை அட்டை, கெட்டதுக்குச் சிவப்பு, இன்னும் சோதிக்க வேண்டியதுக்கு மஞ்சள் கட்டுவாள்.

எண்பத்தெட்டில் பேக்கிங் பெண்களான எங்களுக்கும் அசெம்பிளி பெண்களுக்கும் பத்து த்ரோபால் ஆட்டம் நடந்தது. ஏழில் அவர்கள் ஜெயித்தார்கள். பெங்களூர் போட்டிக்கு யார் போவது என்ற பேச்சு வந்ததும், பர்சனல் ஆபீசர் ஜெபராஜ், "பேக்கிங் சோப்ளாங்கி டீம். அசெம்பிளி மட்டும் போகட்டும்" என்று முடித்துவிட்டார். பேக்கிங் கேப்டன் நான். வெளியூர் மைதானத்தில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை! பவுலினாவிடம் போய் அழுதேன்.

"அழுவாத குல்ஷன். ரெண்டு டீமும் சமம்னே வெச்சிக்கோ. அப்பவும் ஏழு, மூணு தானா வருதான்னு பாக்கலாம்" என்றாள் பவுலினா.

சமமான அணிகள் மோதுவது பூவா தலையா போடுவது மாதிரிதானே? மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் இருபது பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு நாலணாவைச் சுண்டச் சொன்னாள். பத்து தடவை சுண்டினால் ஒரு சுற்று. ஆளுக்கு ஐந்து சுற்று. இரண்டு காசு சாம்பாரில் விழுந்தது. நூறு சுற்றில் முப்பத்தாறு, ஏழுக்கு மூன்றாகவோ அதைவிட மோசமாகவோ ஒருபக்கம் சாய்ந்திருந்தன.

"நாலணா கூட சோப்ளாங்கியா சார்?" என்று ஜெபராஜிடம் கேட்டாள். "ஏழு, மூணு சும்மா சுண்டினாலே வருது. இத வெச்சி பேக்கிங்க ரிஜெக்ட் பண்ண முடியாது."

கம்பெனியில் ரிஜெக்ட் இல்லை என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். பச்சை அட்டைகளைக் யூனிபார்ம் கோட்டுப் பொத்தானில் கட்டிக்கொண்டு ஆட்டம் போட்டோம். பவுலினாவுக்கு வந்ததே கோபம்!

"ரிஜெக்ட் இல்லன்னுதான் சொன்னேன். ஓகேன்னு எவடி சொன்னா? பத்து ஆட்டம் பத்தாது!" எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இரண்டு அணிக்கும் மஞ்சள் கட்டினாள்.

மேற்கொண்டு ஆடிப் பார்க்க நாள் இல்லை. அடுத்த ஞாயிறே போட்டி. ஜெபராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, அங்கிருந்து நாலு, இங்கிருந்து மூன்று என்று ஒரே அணியாக அனுப்பினார். மூவரில் நானும் ஒருத்தி.

பெங்களூர் கம்பெனி அணியோடு கோப்பைக்கு ஒரே ஆட்டம்தான். பதினைந்துக்கு நாலு, பதினைந்துக்கு மூன்று என்று செம அடி. ஓசூர்க்காரர்கள் பஸ் சார்ஜுக்குத்தான் கேடு என்று அவர்கள் கேப்டன் கன்னடத்தில் சிரித்தாள். கூட வந்திருந்த பவுலினா பையைத் துழாவிக்கொண்டு நேராகப் போனாள். அவர்கள் கோப்பையின் காதில் மஞ்சள் அட்டையைக் கட்டினாள்.

"ஒரே ஆட்டம்தானே ஆயிருக்கு? இன்னும் ஒம்பது இருக்கு" என்று கன்னடத்திலேயே சொன்னாள்.

அந்தக் கேப்டன் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். "சரி, எங்கே ஆடலாம்?" என்றாள்.

"ஓசூர்ல!" என்று நான் முந்திக்கொண்டேன்.