தம்பிதுரை இறக்கிய நூற்றுப் பத்து அடி

புதன்கிழமை பதினோரு மணி ஆனால் தம்பிதுரை கையில் இருப்பதை அப்படியே போட்டுவிடுவார். பைப் ரெஞ்ச் என்றாலும் சரி, பாதி பிரித்த மோட்டார் என்றாலும் சரி. போன வருடம் எங்கள் போர்வெல் மோட்டாரை மேலே தூக்கி, இருபத்து நாலு பைப்பையும் வாசலில் படுக்கப் போட்டுவிட்டு, கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். உள்ளே எனக்கு ஒரு அண்டாத் துணி ஊறிக்கொண்டிருந்தது.

"ஏந்தம்பி, கலெக்டர் உத்தியோகமா பாக்கறீங்க, மணி பாத்து எந்திரிக்கறதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஊர்ல இருந்து போன் வருமுங்க."

ஊர் என்றால் அவர் பிறந்த பெருந்துறை இல்லை. இந்தோனேசியாவில் ஒரு தீவு. பேர் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை.

சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. மோட்டாரைப் போடச் சொல்லிப் பைப்பில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் புதிதாக போர் போட மட்டும் வரமாட்டார். தெருவில் போர் வண்டி வந்து நின்றால், அது போகிறவரை இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். இத்தனைக்கும் பதினெட்டு வருடம் போர் வண்டியில் இருந்தவர். அன்னூர்ப் பக்கம் ஆயிரத்து முந்நூறு அடி இறக்கித் தண்ணீர் எடுத்தவர்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. நல்ல சித்திரை வெயிலில் பேக்கரி வாசலில் நின்று, "இன்னிக்குச் செம மழைங்க, காத்தால இருந்து உடவே இல்லீங்க" என்று எல்லாரிடமும் சொல்லுவார். போனில் அந்தத் தீவின் மழையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று தெரியாதவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டு ராமாமணிக்கு வேறு கணக்கு. "அங்க எவளயோ வெச்சிருக்கான். இல்லீனா புதங்கெழமயானா என்ன போனு?" என்றாள். இதைப் போய் அவர் மனைவி லோகப்பிரியாவிடமே சொல்லியும்விட்டாள். அந்தப் பெண் ரேஷன் கடை வரிசையில் என்னிடம் சொன்னது இது:

"பொம்பளயா இருந்தாத் தேவலீங்கக்கா. போன்லயே நாலு வார்த்த கேட்டு உட்டுருவேன். இது கெணறுங்க. கெணத்தோட போயி என்னத்தச் சண்ட கட்றது?"

அந்தக் கிணற்றின் கதையை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொரு ரிப்பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

தீவின் இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் கேட்குமாம். நாற்பத்தோரு வீடு. தென்னை, மீன், மரவள்ளி. அரிசி வாரம் ஒருமுறை படகில் வரும். அலை பெரிதாக இருந்தால் வராது, அப்போது மூன்று வேளையும் மரவள்ளிதான். சாயங்காலம் நாலு மணி நேரம் ஜெனரேட்டர் கரண்ட். காய்ச்சல் என்றால் ஒரு மருத்துவச்சி, அதற்கு மேல் என்றால் படகு. படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்றால்தான் போன் எடுக்கும். இவ்வளவு இல்லாமைக்கும் நடுவில் ஒன்றே ஒன்று நன்றாக இருந்தது. ஒன்பதடிக் கிணறு. கடலுக்கு நூறு தப்படியில், இளநீர் மாதிரித் தண்ணீர்.

பெருந்துறைக்காரர் ஒருவர் அங்கே தேங்காய்ப்பால் பவுடர் கம்பெனி போட்டார். கம்பெனிக்குத் தண்ணீர் போதவில்லை என்று போர் வண்டியையும் தம்பிதுரையையும் கப்பலில் அனுப்பினார். கிணற்றுக்கு இருபதடி தள்ளி இடம் குறித்தார்கள். ஊர்த் தலைவரின் மனைவி மர்லினா வந்து, ஆழமாகப் போகவேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்திருக்கிறாள். இவர் சிரித்திருக்கிறார்.

"நம்மூர்ல எப்படீங்க? உப்பா இருந்தா இன்னும் கீழ போ, நல்ல தண்ணி வரும்னுதானே போவோம்? நானும் அதே நெனப்புல நூத்திப் பத்தடி எறக்கிப்போட்டேனுங்க."

அங்கே அப்படி இல்லை. அடியில் முழுக்கக் கடல். மழைத்தண்ணீர் அதன்மேல், பாலின் மேல் ஆடை மாதிரி, மெல்லிசாக மிதக்கிறது. ஊர்க்காரர்கள் அதை மேலாக்க வழித்து எடுத்துப் பிழைத்தவர்கள். இவர் ஆடையில் ஓட்டை போட்டு அடிவரை குழாய் விட்டுவிட்டார்.

முதல் நாள் தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்களாம். பெரிய மீனாகச் சுட்டுப் போட்டார்களாம். கம்பெனி மோட்டார் ராத்திரி பகல் ஓடியது. நாலாவது வாரம் போர் கரித்தது. ஆறாவது வாரம் கிணறும் கரித்தது. கம்பெனிக்காரர் மிஷினைக் கழற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். வண்டியும் வந்துவிட்டது, இவரும் வந்துவிட்டார். கிணற்றைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்பத்தோரு வீடும் எங்கே போகும்?

பக்கத்துத் தீவுக்குத் துடுப்புப் போட்டு ஒன்றரை மணி நேரம். கேன் கேனாகத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒருநாள் பாரம் தாங்காமல் படகு கவிழ்ந்து, ஒரு தாயும் அவள் பதினோரு வயதுப் பெண்ணும் போய்விட்டார்கள். அதைச் சொன்ன அன்று தம்பிதுரை கண்ணெல்லாம் கலங்கவில்லை. மோட்டார் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் புதன்கிழமை போன். அரிசிப் படகுக்காக எல்லாரும் துறைக்கு வரும் நேரம் அது. அவருக்கு அந்த ஊர் பாஷையில் நூறு வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டு, களிமண்ணை எப்படி உருட்டுவது, சிமெண்டை எப்படிக் கரைத்து ஊற்றுவது என்று போனிலேயே செய்து காட்டி, அவர்கள் கையாலேயே போரை அடைக்க வைத்தார். நாலு மாதம் ஆனது. இனி நல்ல மழை பெய்தால் உப்பு கீழே அமுங்கி, கிணறு பழையபடி ஆகிவிடலாம் என்று யாரோ படித்தவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த "லாம்" ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மழைக்காலம் ஓட்டினார்.

போன புதன்கிழமை எங்கள் வீட்டில்தான் இருந்தார். புது மோட்டாரை இறக்கி, வாசலில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும்தான். அதில் பருப்பு வேகாது, வாயில் வைத்தால் குமட்டும். குடிக்கச் சிறுவாணிக் குழாய்த் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைப்போம்.

பதினோரு மணிக்கு போன் அடித்தது. மரத்தடிக்குப் போகவில்லை, அங்கேயே எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். போன் வீடியோவில், படகுத்துறையில் மர்லினா நிற்கிறாள். என் வயதுதான் இருக்கும். பின்னால் படகில் பலகை, தகரம், கட்டில், கூடையில் கோழி. அவள் பேசப் பேச இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏனாச்சு தம்பி?"

"கெளம்பறாங்கக்கா. இவங்க ஊடுதான் கடைசீங்க. மத்தவங்கெல்லாம் போன மாசமே போயாச்சுங்க."

"தண்ணி?"

"அப்படியே உப்பாத்தானுங்க இருக்குது."

 

மர்லினா கீழே குனிந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்தாள்.

"அது கெணத்துத் தண்ணீங்க" என்றார். "ஊர உட்டுப் போறவங்க மூணு கை அள்ளிக் குடிச்சுப்போட்டுத்தான் படகு ஏறுவாங்க. குடிச்சாத் திரும்பி வருவாங்கன்னு ஒரு இது. நாங் கெளம்பறப்ப என்னய யாரும் குடிக்கக் கூப்புடலீங்கக்கா. நானும் கெணத்துப் பக்கம் போகுலீங்க."

அவள் கையில் ஊற்றிக் குடித்தாள். முகம் சுளித்தது. இரண்டாவது. மூன்றாவதில் இருமிவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் நேராகப் பார்த்து, "பா துரை" என்று அந்த ஊர் மரியாதையில் இவரைக் கூப்பிட்டாள். உள்ளங்கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். நீயும் குடி.

சிறுவாணி எடுத்துவர நான் உள்ளே ஓடினேன். சொம்போடு திரும்பி வந்தபோது, தம்பிதுரை போனைப் படியில் சாய்த்து நிறுத்தியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கொட்டிக்கொண்டிருந்த உப்புத் தண்ணீருக்கு முன்னால் முட்டி போட்டு, இரண்டாவது கை அள்ளிக்கொண்டிருந்தார்.