மூணாவது வெர்ஸ் வரை யார் கேட்கிறார்கள்

பாட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைப்பதில்லை. பாட்டைப் பற்றிய சண்டையைக் கேட்கவே நாள் சரியாகப் போய்விடுகிறது. சலூன் வைத்திருப்பவர்கள், டீக்கடை வைத்திருப்பவர்கள், அடுத்தவர் வாக்குவாதத்துக்கு இடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், கயிறும் வலையும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் என் ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கிறது. சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்து ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் பலசரக்கு, இரும்பு, பாத்திரம் என்று வியாபாரம் செய்கிறவர்கள். "காத்த அடைச்சு விக்கப் போறாளாம்" என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் பாதி நடந்துவிட்டது. அடைத்துவிட்டேன், விற்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. கடை திறப்பு விழா, ஆடித் தள்ளுபடி, தேர்தல் வந்தால் பிரச்சாரம் என்று ஆட்டோவில் போடுகிற விளம்பரங்கள் எனக்குச் சோறு போடுகின்றன. ராப் பாடுகிற பையன்கள் எனக்குத் தலைவலி போடுகிறார்கள். ஆனால் நான் ஸ்டுடியோ வைத்தது அவர்களுக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை பெஞ்சு

புதுப் பாட்டெல்லாம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகும். காத்திருக்கிற வாடிக்கையாளர்களுக்காக வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். அதில் வாடிக்கையாளர் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வினோத்தும் பிரின்ஸ்டனும்தான் உட்கார்ந்திருப்பார்கள். வினோத் மொபைல் கடையில் வேலை பார்க்கிறவன். பிரின்ஸ்டன் கண்டெய்னர் யார்டில் இருக்கிறான். இரண்டு பேரும் பாடுகிறவர்கள் இல்லை, கேட்கிறவர்கள். ராப் என்றால் உயிரை விடுவார்கள், ஆனால் இதுவரை ஒரு பாட்டையும் ஒரே மாதிரி கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த பாட்டில் மொத்தமே ஏழெட்டு வார்த்தைதான் இருக்கும். அதையே சுற்றிச் சுற்றிப் பாடியிருந்தார்கள். "முன்னால ஒரு வெர்ஸக் கேட்டா ஒரு தெருவையே பாத்த மாதிரி இருக்கும்லே. இப்பம் காரு, வாட்சு, கூலிங் கிளாஸ். இதுக்குப் பேரு எழுத்தா?" என்று பிரின்ஸ்டன் கத்தினான். உள்ளே நான் நகைக்கடை விளம்பரம் பதிவு செய்துகொண்டிருந்தேன். 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்கிற இடத்தில் 'இதுக்குப் பேரு எழுத்தா' என்பதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வெளியே வந்து சத்தம் போட்டேன். பிரின்ஸ்டன் என்னையே நடுவராக்கி நியாயம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் வினோத் சொன்னான்: "அர்த்தம் வேணும்னா பேப்பர் படிக்க வேண்டியதானக்கா, எதுக்குப் பாட்டு கேக்கணும்?"

ஜெரினுக்குக் கிடைத்த தவணை

என்னிடம் வருகிற பையன்களில் ஜெரின் ஒருவன்தான் நிஜமாகவே எழுதத் தெரிந்தவன். திரேஸ்புரத்துக்காரன். அப்பா நாட்டுப்படகில் போகிறார். கப்பல் எஞ்சின் அறை வேலைக்கு இவன் பயிற்சி முடித்து வைத்திருந்தான். பம்பாயில் இருக்கிற மாமா கப்பலில் இடமும் பார்த்துவிட்டார். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. கப்பலுக்குப் போனால் எழுத்து போய்விடும், அந்த எஞ்சின் சத்தத்தில் ஒரு வரிகூட மனதில் நிற்காது என்பான். கெஞ்சிக் கூத்தாடி வீட்டில் கிறிஸ்மஸ் வரைக்கும் தவணை வாங்கியிருந்தான். அதற்குள் ஒரு பாட்டாவது ஊரில் நின்றுவிட்டால் இங்கேயே இருக்கலாம். நிற்காவிட்டால் கப்பல்.

அவன் கொண்டுவந்த பாட்டின் பெயர் 'மூணாம் நம்பர் கூண்டு'. புயல் வரும்போது துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அதைப் பற்றிய பாட்டு. கூண்டு ஏறிவிட்டால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். சரணம் மாதிரி மூணு வெர்ஸ். முதல் வெர்ஸில் துறைமுகம். இரண்டாவதில் அவன் தெரு. மூணாவதில் வீடு வீடாகப் போய், அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வருவான். 'கூண்டு ஏறுனா உலை எறங்கும்' என்று ஒரு வரி. அதைப் பதிவு செய்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இத்தனை வருஷத்தில் இதற்காகத்தான் கடை வைத்தோம் என்று தோன்றிய ஒரே நாள் அது.

அவன் அம்மா ஒருநாள் மாடியேறி வந்தார். ஹெட்போனை மாட்டிப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏளா, பிள்ள நல்லாத்தான் பாடுதான். கிறிஸ்மஸுக்குள்ள நாலு பேரு கேட்டிருவாவளா?"

ஆத்தூரில் பனி கொட்டிய கதை

ஜெரினின் பாட்டுக்குக் கடைசிக்கட்ட வேலை நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்து ஆத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். பாட்டு தயாராக இருக்கிறது என்று போனை நீட்டினான். தானே பாட்டு எழுதிக் கொடுக்கிற ஏதோ ஒரு ஆப்பிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறான். அதில் அவன் பனி கொட்டுகிற தெருவில் துப்பாக்கியோடு நடக்கிறான். நண்பர்கள் எல்லோரும் ஜெயிலில் இருக்கிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இவன் சட்டியில் வெற்றிலையும் வாழையும் தாமிரபரணித் தண்ணீரும் இருக்கின்றன. அகப்பையில் பனிக்கட்டி வருகிறது.

ஜெரின் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. "தம்பி, ஆத்தூர்ல ஏதுப்பா பனி? கொடிக்கால்ல நடக்கிறத எழுதலாம்லா?" என்று கேட்டேன். அந்தப் பையனுக்கு என் அறியாமையைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பொறுமையாகவே சொன்னான்: "பாட்டுல நம்ம ஊரு தெரிஞ்சா லோக்கல்னு தள்ளி விட்டுருவாவக்கா."

பிரின்ஸ்டன் போட்ட ஸ்டேட்டஸ்

நவம்பர் மழையில் ஜெரினின் பாட்டு இணையத்தில் வெளியானது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைவிட, எதுவரை கேட்டார்கள் என்று காட்டுகிற ஒரு படம் இருக்கிறது. இந்தத் தொழிலில் அது பொல்லாத படம். கோடு ஒன்று மேலே ஆரம்பிக்கும். ஒவ்வொருவராக எழுந்து போகப் போக அது இறங்கும். ஜெரினுடைய கோடு முதல் வெர்ஸ் முடிவதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. மூணாவது வெர்ஸுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அவன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான், நான் திரையை அணைத்தேன்.

பெஞ்சில் மட்டும் பாட்டுக்கு மரியாதை கிடைத்தது. வினோத், அரை நிமிஷம் கேட்டேன், ஆட வைக்கிற பீட்டு வரவில்லை, நிறுத்திவிட்டேன் என்று நேராகவே சொன்னான். பிரின்ஸ்டன் அவனோடு சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டான். 'இதுதான் எழுத்து' என்று ஸ்டேட்டஸ் வைத்தான். எழுத்துத் தரம் எங்கே இருந்தது, எங்கே விழுந்தது, இப்போது எப்படி எழுந்திருக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கமே செய்தான். அதைக் கேள்விப்பட்டு ஜெரின் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது. பிரின்ஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து, மூணாவது வெர்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டான். பிரின்ஸ்டன் போனை எடுத்துப் பாட்டின் நீளத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "மூணாவது வேற இருக்காண்ணே?"

கமெண்ட் போடாத வாடிக்கையாளர்கள்

இசக்கி அண்ணாச்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தெரு முக்குகளில் நிறுத்திச் சாவுச் செய்தி அறிவிக்கிறவர். காலையில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால் உடனே என்னிடம் வந்து பதிவு செய்துகொண்டு போவார். அவருக்குப் பேசிக்கொடுத்தவர் மகள் வீட்டோடு போய்விட்டதால், குரலுக்கு ஆள் இல்லாமல் திண்டாடினார். ஜெரின் சும்மாதானே இருக்கிறான், கிறிஸ்மஸ் வரைக்கும் பேசட்டும் என்று நான்தான் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. பாட்டு விழுந்த பிறகு எதையுமே மறுக்கிற நிலையில் அவன் இல்லை.

முதல் நாள் மைக் முன்னால் வந்து நின்றான். சொல்ல வேண்டியது பெயர், ஊர், யாருடைய கணவர், யாருடைய தகப்பனார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கே திரும்பத் திரும்பத் தடுமாறினான். தப்பாகிவிடுமோ, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம் பிடித்துவிட்டது. அண்ணாச்சி அவன் தோளில் கை வைத்துச் சொன்னார்: "தம்பி, நம்ம கஸ்டமர் யாரும் கமெண்ட் போடமாட்டாவ, தைரியமாப் பேசு."

வினோத் கேட்ட நீளம்

டிசம்பரில் ஒரு காலையில் நான் கடை திறக்க வந்தபோது, வினோத் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை இல்லையே என்று நினைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தேன். அப்பா விடியற்காலையில் இறந்துவிட்டார் என்றான். உப்பளத்தில் வேலை பார்த்த மனிதர். அண்ணாச்சிக்கும் ஜெரினுக்கும் போன் செய்தேன், இரண்டு பேரும் வந்தார்கள்.

ஜெரின் வழக்கமான விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டான். முடிந்தது என்று எழுந்தபோது, வினோத், இன்னும் இருக்கிறது என்றான். உப்பு வெயிலில் நின்று நின்று அப்பாவுக்குக் கண் மங்கிப்போனதைச் சேர்க்கச் சொன்னான். எதிரே யார் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுதான் பேசுவார் என்பதைச் சேர்க்கச் சொன்னான். தங்கச்சி நர்சிங் முடித்த அன்றைக்கு அளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் சேவு வாங்கிக் கொடுத்ததைச் சேர்க்கச் சொன்னான். ஜெரின் ஒவ்வொன்றையும் எழுதி, வாசித்துக் காட்டி, வார்த்தையை மாற்றி மறுபடியும் வாசித்தான். 'சைக்கிளை நிறுத்தி' என்று எழுதியதை வினோத் ஒத்துக்கொள்ளவில்லை. "நிறுத்தி இல்லண்ணே, இறங்கி" என்றான். வார்த்தையே வேண்டாம் என்று வாதாடியவனா இவன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு மைக்கின் ஒலி லெவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு அவருடைய கவலை. "இவ்வளவு நீளமா வச்சா ஒரு முக்குல எவ்வளவு நேரம் நிப்பேன்? பின்னால வார பஸ்காரன் சும்மா இருப்பானா? கொஞ்சம் சுருக்குங்கப்பா" என்றார். ஜெரின் வினோத்தைப் பார்த்தான். வினோத் மெதுவாகத்தான் சொன்னான்: "ஒரு வார்த்தையும் எடுத்திராதியண்ணே. இதுக்கு மேல அவரப் பத்தி யாரும் பேசப் போறதில்ல."

முக்கு முக்காக

அன்றைக்கு ஜெரினும் அண்ணாச்சியோடு ஆட்டோவில் போனான். திரும்பி வந்ததும் நேராக வீட்டுக்குப் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் வினோத் பெஞ்சுக்கு வந்தான். அந்த வாரம் வந்த பாட்டில் எழுத்து ஒன்றும் இல்லை, ஆனால் பீட்டு பிரமாதம் என்றான். பிரின்ஸ்டன் வழக்கம்போலச் சண்டைக்குப் போனான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் திரும்ப வந்ததே போதும் என்றிருந்தது.

கிறிஸ்மஸும் வந்து போனது. 'மூணாம் நம்பர் கூண்டு' கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஜனவரியில் ஜெரின் கேக்கோடு மாடியேறி வந்தான். கப்பல் ஏஜெண்ட் தேதி சொல்லிவிட்டதாகச் சொன்னான். இன்னும் ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கலாம், காசு ஒன்றும் வேண்டாம், வீட்டில் நான் வந்து பேசுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, வினோத் அப்பாவின் செய்தியோடு ஆட்டோவில் போன அந்த நாளைப் பற்றி அவனாகவே பேசினான். மார்க்கெட் முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பின்னால் வந்த பஸ், ஹாரன் அடிக்காமல் நின்றதாம். சேவு வாங்கிக் கொடுத்த இடம் வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாராம். இதையெல்லாம் சொல்லும்போது அவன் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கேக்கை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒருத்தரும் நடுவுல எந்திச்சுப் போவலக்கா. எனக்கு அது போதும், நான் கப்பலுக்குப் போறேன்."

பாட்டுக்கு வார்த்தை வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைதோறும் என் வாசலில் இன்னும் வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் மட்டும் எங்கோ நடுக்கடலில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான்.